பள்ளிக்கூட வாசலில் நடப்பவர்களையும் சைக்கிளையும் எண்ணினோம். இரண்டு பேருக்கு இரண்டு கணக்கு வருகிறது, எதைக் கொடுப்பது?

கேட்பவர்: தறிவீட்டுக்காரி, அம்மாப்பேட்டை

வணக்கம். விஷயம் சின்னதுதான், ஆனால் தப்பாகப் போய்விடக் கூடாது என்றுதான் கேட்கிறேன்.

எங்கள் வீடு சேலம் அம்மாப்பேட்டைப் பக்கம். வீட்டிலேயே இரண்டு தறி ஓடுகிறது. பொண்ணு பிளஸ் ஒன், பையன் ஆறாவது. இரண்டு பேரும் படிக்கிற பள்ளிக்கூடம் மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம். காலையில் அந்த ரோட்டைத் தாண்டுவது தினமும் ஒரு கண்டம். பஸ், மினி லாரி, ஷேர் ஆட்டோ எதுவும் வேகத்தைக் குறைக்காது. பிள்ளைகள் ஓரத்தில் கொத்தாக நிற்பார்கள். யாராவது பெரியவர் கையைக் காட்டிக்கொண்டு இறங்கினால் அவர் முதுகோடு ஒட்டிக்கொண்டு எல்லோரும் ஓடுவார்கள். போன மாதம் ஒரு பிள்ளையின் சாப்பாட்டுப் பை பைக் ஹேண்டிலில் மாட்டிக்கொண்டு போனது. பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. டப்பா மட்டும் பத்தடி தள்ளிக் கிடந்தது.

தெருக்காரர்கள் சேர்ந்து, ஜீப்ரா கோடும் சிக்னலும் வேண்டும் என்று மனு கொடுத்தோம். வாங்கிய பொறியாளர் மரியாதையாகத்தான் பேசினார். "எத்தனை பேர் தாண்டுகிறார்கள் என்று எண்ணிக்கை இருந்தால் கொண்டு வாருங்கள், அதை வைத்துப் பேசலாம்" என்றார். சரி என்று நானும் என் கொழுந்தனாரும் செவ்வாய்க்கிழமை காலை 8 மணியிலிருந்து 9.30 வரை நின்று எண்ணினோம். நான் பள்ளி கேட் பக்கம், அவர் எதிரில் டீக்கடைப் பக்கம்.

எனக்கு நடப்பவர் 412, சைக்கிள் 58. அவருக்கு நடப்பவர் 367, சைக்கிள் 81. ஒரே ரோடு, ஒரே நேரம்!

வீட்டுக்கு வந்து உட்கார்ந்து பேசியபோதுதான் ஒன்றொன்றாகத் தெரிந்தது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தாண்டிய பிள்ளைகளை நான் நடப்பவர் என்று போட்டிருக்கிறேன், அவர் சைக்கிள் என்று போட்டிருக்கிறார். இடுப்புப் பிள்ளையை நான் ஒரு ஆளாக எண்ணினேன், அவர் விட்டுவிட்டார். டீ கேன் கட்டிய சைக்கிள்காரர் ஒருவர் அந்த நேரத்தில் ஏழெட்டுத் தடவை இங்கும் அங்கும் போனார். ஒரே ஆள்தானே என்று நான் ஒரு கோடுதான் போட்டேன். கொழுந்தனார் ஒவ்வொரு தடவையும் போட்டிருக்கிறார். கேரியரில் தம்பியை உட்கார வைத்து மிதித்து வருகிற அக்காமார்களை இருவருமே என்ன செய்தோம் என்று நினைவில்லை.

இரண்டையும் கூட்டிப் பாதியாக்கிக் கொடுத்துவிடலாம் என்கிறார் அவர். எனக்கு மனசு ஒப்பவில்லை. இந்த வேலை தெரிந்தவர்கள் யாராவது, முறையாக எப்படி எண்ணுவது என்று சொல்லுங்கள்.

பதில்: குகை_பழைய_சர்வேக்காரன்

வணக்கம்மா. பாதியாக்க வேண்டாம். இரண்டு தப்பான கணக்குக்கு நடுவில் இருப்பதும் தப்பான கணக்குத்தான். நீங்கள் இரண்டு பேரும் தப்பாக எண்ணவில்லை, வேறு வேறு விஷயத்தை எண்ணியிருக்கிறீர்கள். நிற்பதற்கு முன்னால் பேசி முடிவு செய்யாததுதான் குறை.

நான் இருபத்திரண்டு வருஷம் போக்குவரத்துக் கணக்கெடுப்பில் இருந்தவன். முதலில் ரோட்டில் நின்று கோடு போட்டேன், பிறகு கோடு போடுகிற பையன்களை மேய்த்தேன். கொண்டலாம்பட்டி, ஐந்து ரோடு, சூரமங்கலம் என்று இந்த ஊரில் நான் நிற்காத முக்கு குறைவு. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் வேலை, கோடு. உங்களுக்கு வேண்டியது ரோட்டோரமாக நடந்து போகிறவர் கணக்கா, ரோட்டைக் குறுக்கே தாண்டுகிறவர் கணக்கா? சிக்னல் கேட்பதால் தாண்டுகிறவர் கணக்கு. அப்படியானால் ரோட்டின் நடுவில், நீளவாக்கில், மனசுக்குள் ஒரு கோடு கிழித்துக்கொள்ளுங்கள். அந்தக் கோடு எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்பதையும் தீர்மானியுங்கள். இந்த மின்கம்பத்திலிருந்து அந்த மருந்துக்கடைப் படி வரை என்பது மாதிரி. பள்ளி கேட்டுக்கு நேராக மட்டும் யாரும் தாண்டுவதில்லை, கொஞ்சம் இப்படியும் அப்படியும்தான் தாண்டுவார்கள். அந்த நீளத்துக்குள் ஒருவருடைய உடம்பு நடுக்கோட்டைத் தாண்டினால் ஒரு கோடு போடுங்கள். நடுவரை வந்து பயந்து திரும்பிவிட்டால் கணக்கில்லை. மருந்துக்கடைக்கு அந்தாண்டை தாண்டினால் அதுவும் கணக்கில்லை, எவ்வளவு ஆசையாக இருந்தாலும்.

இப்போது டீக்காரர் விஷயம். நாம் ஆளை எண்ணவில்லை, தாண்டுதலை எண்ணுகிறோம். ஏழு தடவை தாண்டினால் ஏழு. ஏழு தடவையும் அவர் உயிரை அந்த ரோட்டில் வைக்கிறார் இல்லையா? அதில் உங்கள் கொழுந்தனார் செய்ததுதான் சரி. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறவர் நடப்பவர், அதில் நீங்கள் செய்தது சரி. உங்கள் 58-க்கும் அவருடைய 81-க்கும் நடுவில் உள்ள வித்தியாசத்தில் பெரும்பங்கு இந்தத் தள்ளல்தான் என்று நினைக்கிறேன். இடுப்புப் பிள்ளை ஒரு ஆள். சக்கர நாற்காலியில் வருகிறவரும் நடப்பவர் கட்டத்தில்தான். கேரியர் தம்பிக்குத் தனிக் கட்டம் போடுங்கள்: சைக்கிள் ஒன்று, பின்னால் உட்கார்ந்தவர் ஒன்று. பிறகு சைக்கிள் எத்தனை என்று கேட்டாலும் ஆள் எத்தனை என்று கேட்டாலும் சொல்லலாம். மூன்று சக்கர மிதிவண்டி, தள்ளுவண்டி வந்தால் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒருவர் கையில் நாலு கட்டத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். ஆணா பெண்ணா, சின்னவரா பெரியவரா என்று கட்டம் கூடக்கூட, கண் தாளுக்குப் போகிற நேரம் கூடும், ரோட்டில் ஆள் தப்பிவிடுவார்.

தாளில் கால்மணிக்கு ஒரு வரி. 8.00 முதல் 8.15, 8.15 முதல் 8.30 என்று. இது எதற்கென்றால், உச்ச நேரம் கடிகார மணிக்குக் கட்டுப்பட்டு வருவதில்லை. பள்ளி மணி 9-க்கு அடித்தால் கூட்டம் 8.15 முதல் 9.15 வரை இருக்கலாம். அடுத்தடுத்து வரும் எந்த நாலு கால்மணியைக் கூட்டினால் அதிகம் வருகிறதோ அதுதான் உச்ச மணி. மொத்தமாக ஒரே எண்ணாக வைத்திருந்தால் இதைப் பிரிக்க முடியாது. நாலு செங்குத்துக் கோடு, ஐந்தாவது குறுக்கே. பென்சில் வைத்துக்கொள்ளுங்கள், பனியில் தாள் நமுத்தால் பேனா எழுதாது.

கையில் அமுக்கும் கவுண்டர் இருந்தால் இன்னும் நல்லது, கண் ரோட்டிலேயே இருக்கும். கோயில் கடைகளில் நாமஜபம் எண்ண விரலில் மாட்டுகிற சின்ன கவுண்டர் விற்கிறார்களே, அதுவே போதும். நடப்பவருக்கு ஒரு கை, சைக்கிளுக்கு ஒரு கை. அதில் பூஜ்யமாக்குகிற பொத்தான் ஒன்று இருக்கும், அதன்மேல் பிளாஸ்திரி ஒட்டிவிடுங்கள். கால்மணி முடியும்போது பூஜ்யமாக்காதீர்கள். ஓடுகிற எண்ணை அப்படியே எழுதிக்கொண்டே போங்கள், 61, 148, 290 என்று. வீட்டில் வந்து கழித்துக்கொள்ளலாம். பூஜ்யமாக்குகிற அந்த நாலு செகண்டில்தான் பஸ் வந்து நின்று முப்பது பேர் இறங்குவார்கள். இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது.

நிற்கிற இடம். நீங்கள் கேட் பக்கம், அவர் டீக்கடைப் பக்கம் என்கிறீர்கள். பஸ் நின்றால் அதற்குப் பின்னால் தாண்டுகிறவர் உங்களில் ஒருவர் கண்ணுக்குத் தெரிவார், இன்னொருவருக்குத் தெரிய மாட்டார். முதல் மாடி வராண்டா ஏதாவது கிடைக்குமா பாருங்கள். கேட்டால் யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். மாலையிலும் எண்ணுவதாக இருந்தால், கடை வெளிச்சம் தாண்டுகிறவர்களுக்குப் பின்னால் விழும்படி நில்லுங்கள். விளக்கில்லாத சைக்கிள் இருட்டில் நிழலாகத்தான் தெரியும்.

ஒருவர் ஒரு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து எண்ணக் கூடாது. கால் வலிக்கும் முன்னால் கண் ஓய்ந்துவிடும், அது ஓய்ந்தது நமக்குத் தெரியாது. கூட்டம் அதிகமான இடத்தில் ஒருவர் சொல்ல, ஒருவர் எழுத வேண்டும்.

ஒன்று மனசில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். பல வருஷத்துக்கு முன்னால் ஒரு வேலையில் ஒரு தாள் வந்தது. ஒவ்வொரு வரியிலும் எண் 0 அல்லது 5-இல் முடிந்தது. 40, 45, 60, 55. நிஜ ரோடு அப்படி வராது. 43 வரும், 71 வரும், திடீரென்று 9 வரும். போய்ப் பார்த்தால் எண்ண வேண்டிய இரண்டு பேரும் நிழலில் உட்கார்ந்து மொத்த நாளையும் எழுதி முடித்திருந்தார்கள். டீக்கடைக் கணக்கு என்று எங்களுக்குள் சொல்வோம். அந்தத் தாளைக் கிழித்து, மறுநாள் நானே நின்றேன். அந்த எண்ணை நம்பி ஒருவர் ரோட்டு அகலத்தைத் தீர்மானிப்பார், இன்னொருவர் இங்கே நடைபாதை தேவையில்லை என்று எழுதுவார். அதனால் ஐந்து நிமிஷம் கவனம் தப்பினால் ஊகித்து நிரப்பாதீர்கள். "8.40 முதல் 8.45 வரை பார்க்க முடியவில்லை, லாரி மறைத்தது" என்று எழுதுங்கள். அதை எழுதினால் மற்ற எண்களை நம்புவார்கள்.

கடைசியாக ஒரு கட்டம், இதை எந்தப் படிவமும் கேட்காது, நானாகச் சேர்த்துக்கொண்டது: தாண்ட வந்து, நின்று பார்த்து, திரும்பிப் போனவர்கள். பால் தூக்குப் போசியோடு ஒரு பாட்டி எங்கள் குகை ஏரியாவில் ஒரு முக்கில் தினமும் வருவார். கால் ஒன்றை ரோட்டில் வைப்பார், எடுப்பார், வைப்பார், எடுப்பார். சில நாள் அப்படியே திரும்பிவிடுவார். தாண்டுகிறவர் கணக்கில் அந்தப் பாட்டி என்றைக்கும் வர மாட்டார். ரோடு எவ்வளவு மோசமோ அவ்வளவுக்குக் கணக்கு குறையும். அதனால் நின்று திரும்பியவரைக் கட்டாயம் எழுதுங்கள்.

பதில்: சிவில்_வாத்தியார்

ஐயா சொன்னதில் மாற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. நான் கல்லூரியில் போக்குவரத்துப் பொறியியல் நடத்துகிறேன், இரண்டு விஷயம் மட்டும் சேர்க்கிறேன்.

ஒன்று, கையால் எண்ணினால் பெரும்பாலும் குறைவாகத்தான் வரும். 2007-இல் வெளிவந்த ஓர் ஆய்வுக்காக சான் பிரான்சிஸ்கோவில் சந்திப்புகளில் ஆட்களை நிறுத்தி நடப்பவர்களை எண்ண வைத்து, அதே நேரத்து வீடியோவோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நேரில் எண்ணியது 8 முதல் 25 சதவீதம் வரை குறைவாக இருந்தது. தாளில் எழுதினாலும் சரி, கவுண்டரை அமுக்கினாலும் சரி. அதிலும் எண்ண ஆரம்பித்த நேரத்திலும் முடிகிற நேரத்திலும்தான் தப்பு அதிகம். அதனால் எட்டு மணிக்கு எண்ண வேண்டுமென்றால் 7.45-க்கே ஆரம்பித்து, முதல் கால்மணியைப் பழகுவதற்கென்று விட்டுவிடுங்கள். முடிவிலும் பத்து நிமிஷம் கூடுதலாக நில்லுங்கள். முடிந்தால் மாடியிலிருந்து போனில் வீடியோ எடுங்கள். எடுக்க ஆரம்பிக்கும்போது கைக்கடிகாரத்தை ஒரு தடவை காட்டிவிடுங்கள், எந்த நிமிஷம் என்று பிறகு குழப்பம் வராது. பிள்ளைகளின் முகம் தெரிகிற வீடியோ என்பதால் எண்ணி முடித்ததும் அழித்துவிடுங்கள், எந்தக் குழுவிலும் போடாதீர்கள்.

இரண்டு, வண்டிகளையும் எண்ணுங்கள். இதை விட்டுவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். இந்திய சாலைக் காங்கிரஸ் (ஐஆர்சி) நடப்பவர் வசதிகளுக்காக 1988-இல் வெளியிட்ட வழிகாட்டியான ஐஆர்சி 103-இல் ஒரு கணக்கு உண்டு. உச்ச மணியில் தாண்டுகிறவர் எண்ணிக்கையை, அதே மணியில் போகும் வண்டி எண்ணிக்கையின் வர்க்கத்தால் பெருக்க வேண்டும். நடுவில் தடுப்பு இல்லாத ரோட்டில் அது 10 கோடியைத் தாண்டினால் சிக்னல் மாதிரி கட்டுப்பாடுள்ள கடவை தேவை என்று சொல்லலாம். தடுப்பு இருந்தால் 20 கோடி. உதாரணமாக 300 பேர், 600 வண்டி என்றால் 10 கோடியே 80 லட்சம், தாண்டிவிட்டது. அதே இடத்தில் வண்டியைப் பத்து சதவீதம் குறைத்து 540 என்று எண்ணிவிட்டால் 8 கோடியே 75 லட்சத்துக்கும் கீழே போய்விடும். வர்க்கம் என்பதால் வண்டிக் கணக்கில் வரும் தப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. நடப்பவர்களுக்காகக் கேட்கிறோம் என்று வண்டியை அலட்சியமாக எண்ணிவிடாதீர்கள். அதற்குத் தனியாக ஒரு ஆள் வேண்டும், கட்டாயம்.

பதில்: தறிவீட்டுக்காரி, அம்மாப்பேட்டை

ஐயா, சார், இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. வண்டியை எண்ணவே இல்லை. மறுபடி முதலிலிருந்து எடுக்கிறோம். எந்த நாள் நிற்பது? அடுத்த வாரம் புதன் என்று நினைத்தோம். ஆடி மாசம் ஆச்சே என்று யோசனையாக இருக்கிறது.

பதில்: குகை_பழைய_சர்வேக்காரன்

ஆடித் திருவிழா முடியும் வரை பொறுங்கம்மா. கோட்டை மாரியம்மனுக்குப் பண்டிகை, உள்ளூர் விடுமுறை, நம்ம குகையில் வண்டி வேடிக்கை என்கிற அலங்கார வண்டி ஊர்வலம், அம்மாப்பேட்டையில் தெருத்தெருவாகக் கூழ். அந்த நாட்களில் எடுத்த கணக்கு எந்த நாளுக்கும் பொருந்தாது. நெடுஞ்சாலை வாகனக் கணக்கெடுப்புக்கான ஐஆர்சி 9-லேயே, திருவிழா, கண்காட்சி போன்ற வழக்கமில்லாத கூட்டம் இருந்தால் தள்ளிப்போடச் சொல்லியிருக்கிறது. பள்ளி வழக்கம்போல நடக்கிற வாரத்தில் செவ்வாய், புதன், வியாழனில் இரண்டு நாளாவது எடுங்கள். பள்ளி தேர்வு நாளா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள், விடுகிற நேரம் மாறும். மழை தூறினால் நிறுத்த வேண்டாம், ஆனால் எத்தனை மணிக்குத் தூறியது என்று எழுதுங்கள். அப்புறம், உங்கள் பக்கம் தறிக்கூடங்களில் ஷிப்ட் மாறுகிற நேரத்தையும் ஒரு நாள் பார்த்துவிடுங்கள். பள்ளி நேரம்தான் உச்சம் என்று நாமாக முடிவு கட்டக் கூடாது.

பதில்: மலையேறும்_மிதிவண்டி

நடுவில் என்னுடைய சந்தேகம். நாங்கள் சிலர் ஞாயிறு விடியற்காலையில் அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு மிதிக்கிறவர்கள். கொண்டை ஊசி வளைவு 20-ம் ஏறி இறங்குவோம். அந்தப் பாதையில் எத்தனை சைக்கிள் போகிறது என்று ஒரு நாள் எண்ணிப் பார்த்தோம். ஏறும்போது பரவாயில்லை, ஒவ்வொருவராக மூச்சு வாங்கிக்கொண்டு வருவார்கள், பெயர் கேட்டுக்கூட எழுதலாம். இறங்கும்போது பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து சர்ரென்று போய்விடுகிறார்கள், கை அமுக்குவதற்குள் வளைவு தாண்டிவிடுகிறது. இன்னொன்று, ஒரே ஆள் ஏறி இறங்கினால் ஒன்றா இரண்டா?

அம்மா, உங்கள் சைக்கிள் கணக்கை விட்டுவிடாதீர்கள். சைக்கிள் பாதைகளுக்கான ஐஆர்சி 11-இன் 1962 பதிப்பில், மணிக்கு 200 மோட்டார் வண்டிக்கு மேல் போகிற ரோட்டில் உச்ச மணியில் 100 சைக்கிள் இருந்தாலே தனிப் பாதை கேட்கலாம் என்று இருக்கிறது. அரசு கொடுத்த சைக்கிளில் வருகிற பிளஸ் ஒன் பிள்ளைகள் மட்டுமே அதற்குப் பக்கத்தில் வந்துவிடுவார்கள் போலிருக்கிறதே.

பதில்: குகை_பழைய_சர்வேக்காரன்

தம்பி, ஏறுவதற்கு ஒரு கட்டம், இறங்குவதற்கு ஒரு கட்டம். இரண்டையும் கூட்டினால் பயணம் எத்தனை என்று வரும். ஆள் எத்தனை என்று வேண்டுமென்றால் காலையில் ஏறியதை மட்டும் சொல்லுங்கள். எந்த எண் எது என்று தாளின் தலையில் எழுதிவிடுங்கள். கூட்டமாக இறங்குகிறவர்களை வளைவில் நின்று எண்ணாதீர்கள். கீழே சமதளத்துக்கு வந்து பிரேக் பிடிக்கிற இடத்தில் கோட்டை வையுங்கள், வரிசை தானாக நீளும். அப்போதும் கொத்தாக வந்தால் மூன்று மூன்றாக எண்ணுங்கள். ஒன்றொன்றாக எண்ணினால் வாய் பின்தங்கும், மூன்றென்றால் கண்ணோடு சேர்ந்து போகும்.

பதில்: தறிவீட்டுக்காரி, அம்மாப்பேட்டை

எல்லோருக்கும் வணக்கம். பண்டிகை முடிந்து, பள்ளி ஒழுங்காக நடந்த வாரத்தில் செவ்வாயும் வியாழனும் எடுத்தோம். நடந்ததை எழுதுகிறேன்.

மருந்துக்கடைக்கு மேலே ஒரு தையல்காரர் வீடு. வராண்டாவில் நின்றுகொள்ளக் கேட்டதும் நாற்காலியே போட்டுக் கொடுத்தார். நடப்பவருக்கு நான், சைக்கிளுக்கு என் பொண்ணு (பள்ளியில் சொல்லி இரண்டு நாளும் ஒரு மணி நேரம் அனுமதி வாங்கினோம்), வண்டிக்குக் கொழுந்தனாரும் பக்கத்து வீட்டுத் தம்பியும் மாறி மாறி. கோயில் கடை கவுண்டர் நாலு வாங்கினோம், பிளாஸ்திரி ஒட்டினோம். 7.45-க்கே ஆரம்பித்தோம். அந்த முதல் கால்மணி உண்மையிலேயே ஒன்றுக்கும் ஆகவில்லை, எதைப் பார்ப்பது என்றே தெரியாமல் கை அமுக்கியது. எட்டு மணிக்குப் பிறகு நிதானம் வந்தது.

சரிபார்க்க, ஒரு கால்மணி மட்டும் கொழுந்தனாரும் நானும் முதுகைக் காட்டி உட்கார்ந்த மாதிரி, ஒருவர் எண்ணை ஒருவர் பார்க்காமல் நடப்பவர்களை எண்ணினோம். எனக்கு 87, அவருக்கு 85. வீடியோவில் நிறுத்தி நிறுத்திப் பார்த்தபோது 89. பஸ்ஸுக்குப் பின்னாலிருந்து ஓடிய இரண்டு பையன்களை இருவருமே விட்டிருந்தோம். இரண்டு நாளும் ஒரு இடத்தில் மட்டும் கணக்கு விட்டுப்போனது, வியாழன் 8.50-க்கு ஒரு சிமெண்ட் லாரி ஏறக்குறைய மூன்று நிமிஷம் குறுக்கே நின்றது. அதை அப்படியே எழுதியிருக்கிறேன்.

உச்ச மணி 8.15 முதல் 9.15 வரை. சார் சொன்னபடி பெருக்கிப் பார்த்தேன், வாத்தியார் வீட்டுப் பையன் ஒருவனை வைத்து இரண்டு தடவை சரி பார்த்தேன். இரண்டு நாளும் 10 கோடிக்கு மேலேதான் வருகிறது. எங்கள் ரோட்டில் நடுத் தடுப்பு இல்லை.

ஐயா, நின்று திரும்பினவர்களையும் எழுதினேன். செவ்வாய் ஆறு பேர், வியாழன் ஒன்பது பேர். அதில் இரண்டு நாளும் வந்தவர் ஒருவர், எங்கள் தெருவிலேயே இருக்கிற, தறிக்குப் பாவு நூல் ஓட்டுகிற தாத்தா. அவருக்கு எதிர்ப்பக்கம் ரேஷன் கடை. இத்தனை நாள் அவர் பேத்தியை ஏன் அனுப்புகிறார் என்று எனக்குத் தெரியவில்லை. அவரைப் பற்றி ஒரு வரி தாளின் ஓரத்தில் எழுதியிருக்கிறேன், அது இருக்கலாமா, எடுத்துவிடவா? திங்கட்கிழமை கொண்டுபோய்க் கொடுக்கிறோம்.

பதில்: குகை_பழைய_சர்வேக்காரன்

இருக்கட்டும்மா. பெயர் மட்டும் வேண்டாம். மூலத்தாளைக் கொடுத்துவிடாதீர்கள், நகல் கொடுத்து, வாங்கினதற்கு முத்திரை போட்டுக் கேளுங்கள். பென்சில் கோடு போட்ட தாள் உங்கள் வீட்டிலேயே இருக்க வேண்டும். யாராவது சந்தேகம் கேட்டால் அதைத்தான் எடுத்துக் காட்ட வேண்டியிருக்கும்.